நல்ல சேதி யாருக்கும் இல்லை

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மேனேஜர் சொன்ன கையோடு கவிப்பிரியா செய்த முதல் காரியம், தன் மூஞ்சியைத் துக்க வீட்டு மூஞ்சியாக மாற்றிக்கொண்டதுதான்.

மாடியிலிருந்து இறங்குகிற படிக்கட்டு அதற்குத்தான் உதவியது. மேல் படியில் பல் தெரிந்தது. கீழே வருவதற்குள் உதட்டை இழுத்து மூடி, நெற்றியைச் சுருக்கி, பல்வலிக்காரி மாதிரி ஆகிவிட்டாள். பில்லிங் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது பக்கத்து மேசை லாவண்யா தலையைத் தூக்கினாள்.

"மேனேஜர் எதுக்குக் கூப்ட்டாரு?"

"ஒண்ணும் இல்ல. போன மாசம் ஒரு பில்லுல ஜிஎஸ்டி நம்பர் தப்பாப் போட்டுட்டேனாம். திட்டுனாரு."

கவிப்பிரியா எந்த பில்லிலும் எந்த நம்பரையும் தப்பாகப் போட்டதில்லை. அந்த அறையில் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான். அதையே எடுத்துப் போர்த்தி நல்ல சேதியை மறைக்க வேண்டியதாகிவிட்டது. வந்த ஆத்திரத்தில் விசைப்பலகையைக் குத்திக் குத்தித் தட்டினாள்.

எல்லாம் ட்ரீட்டால் வந்த வினை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளுக்கு பிரேக் சாமான் செய்கிற கம்பெனி அது. பில்லிங் அறையில் நாலே பேர். தலைமையில் ஹேமநாதன் சார், மேனாம்பேட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவர் வீட்டின் மேல் மாடி கட்டி முடித்தபோது சந்தோஷத்தில் மற்ற மூன்று பேரையும் அண்ணா நகரில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மேசைக்கு நடுவிலேயே நெருப்பு. கம்பியில் குத்தின இறாலும் கோழியும் வந்துகொண்டே இருக்கும். மேசையில் ஒரு குட்டிக் கொடி இருக்கும். போதும் என்று அதை மடக்கி வைக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டார்கள். அடுத்து லாவண்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது, அவள் ட்ரீட் வைத்தாள். அப்புறம் கிரண் பர்மனன்ட் ஆனான், அவன் வைத்தான். அதே ஓட்டல், அதே கொடி.

மூன்றுக்கும் கவிப்பிரியா போனாள். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு போனாள். கொடியை மடக்க விடாமல் சாப்பிட்டாள்.

அங்கேதான் சிக்கல். ஒரு தடவை காசு போட்டவர்கள், போட்டது திரும்பி வராமல் வழக்கத்தை விட மாட்டார்கள். இன்னும் போடாதவர்கள், சாப்பிட்ட வாயோடு வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆக, இந்தக் கூத்தை நிறுத்துகிற யோக்கியதை அந்த அறையில் யாருக்கும் இல்லை.

அந்த ஓட்டலில் ஒரு ஆளுக்கு ஆகிற காசில் கவிப்பிரியா வீட்டுக்கு ஒரு சிலிண்டர் வரும். நாலு பேருக்கு வைத்தால் பாதி வாஷிங் மிஷின் போய்விடும்.

வாஷிங் மிஷின்தான் அவள் குறி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதற்காகத்தான் பட்டாபிராமிலிருந்து பட்டரவாக்கத்துக்கு ரயிலில் மாத சீசன் டிக்கெட் எடுத்து வந்து, ஸ்டேஷனிலிருந்து எஸ்டேட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறாமல் வெயிலில் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போக வேண்டி வந்தால், வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு, முன்பக்கம் ரோஸ் கலர் அடித்த இலவச பஸ் வரும் வரைக்கும் நின்றாள். ஷாம்பூ பாக்கெட்டைக் கத்தரித்து, தண்ணீர் ஊற்றி அலசி, இன்னொரு தடவை குளித்தாள். சாயங்காலம் கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துக் காய் வாங்கினாள். இரண்டு கத்தரிக்காயில் ஒன்று சொத்தையாக இருந்தால் அதை மட்டும் வெட்டிவிட்டுக் குழம்பு வைத்தாள். சிக்கனம் நல்ல பழக்கம் என்று வீடியோ போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருக்கிறவன் செய்தால் பழக்கம். இல்லாதவன் செய்தால் அதற்குப் பேரே கிடையாது.

மிஷின் யாருக்கு என்றால், அம்மாவுக்கு. அம்மா பூங்காவனம் ஆவடியில் பெரிய அப்பார்ட்மென்ட் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். பாத்ரூம் ஆசிட், பினாயில், தரை துடைக்கிற மருந்து எல்லாம் சேர்ந்து இரண்டு உள்ளங்கையும் வெடித்துப் பாளம் பாளமாகிவிட்டன. சோப்புத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, ஒரு களிம்பும் கொடுத்தார்கள். வேலைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு போகலாம். வீட்டுத் துணிக்கு என்ன செய்வது? கவிப்பிரியா துவைக்கிறேன் என்றால் அம்மா விட மாட்டாள். மகள் ரயிலைப் பிடிக்க ஓடிய பிறகு, கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு துவைத்து முடித்துவிடுவாள். கவருக்குள் தண்ணீர் போகும். சோற்றைப் பிசைந்தால் குழம்பின் உப்பும் காரமும் வெடிப்பில் இறங்கும் என்பதால் கொஞ்ச நாளாக ஸ்பூனில் சாப்பிடுகிறாள்.

"ஆஸ்பத்திரி சோறு மாதிரி கீது" என்பாள், ஒவ்வொரு வேளையும்.

அன்று சாயங்காலம் கவிப்பிரியா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"ம்மா. பர்மனன்ட் ஆய்டுச்சு."

பூங்காவனம் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். விரல்கள் முழுசாக ஒட்டவில்லை. "ஆபீஸ்ல அல்லாருக்கும் சொல்லிட்டியா?"

"சொல்லல."

"ஏன்டி?"

"சொன்னா ட்ரீட்டு கேப்பாங்க."

"கேக்கட்டும். மூணு பேரு காசுல துன்னுகினு வந்தல்ல? இறாலு எப்டி இருந்துச்சு, கோயி எப்டி இருந்துச்சுன்னு தூங்கற வரைக்கும் சொல்லிகினு இருந்த. இப்ப ஒன் மொற வந்தா வாய மூடிக்குவியா?"

"அப்ப மிஷினு?"

"மிஷினு எங்கயும் ஓடிடாது. கடையிலதான் கீது. இத்தினி நாளு நான் கையால தொவைக்கல?"

"ஒன் கைய பாத்தியா நீ?"

"என் கைய நான் பாக்காம பக்கத்து ஊட்டுக்காரியா பாப்பா?" சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "தோ பாரு கவி. நாலு பேருக்கு மத்தில நிமிந்து ஒக்காரணும்னுதான் உன்ன படிக்க வெச்சேன். துன்ட்டு ஏமாத்திட்டா, அவ ஆளுங்களே அப்டித்தான்னு ஒரு பேச்சு வந்துச்சுனு வெய்யி, அப்பால நீ படிச்சி இன்னா பிரோஜனம்? அந்தக் காச எடுத்து செலவு பண்ணு. எனக்கு மிஷினு வாணாம்."

கவிப்பிரியாவுக்குக் கோபம்தான் கூடியது. அம்மா சொன்னதில் பாதி தப்பு. ஆனால் அந்தப் பேச்சு வரும் என்பது தப்பில்லை. அவர்கள் ஆட்களில் காலேஜ் முடித்து வந்த முதல் ஆள் அவள். அவள் கொடுக்காமல் விட்டால் அது அவள் ஒருத்தியோடு நிற்காது.

மறுநாள் காலை பட்டரவாக்கத்தில் இறங்கி, எஸ்டேட்டின் குறுக்கு வழியில் நடந்தாள். ஜம்புலிங்கத்தின் டீக்கடையைத் தாண்டினால் கம்பெனி கேட். கடைக்குப் பின்னால் சந்து. வெயிலுக்கு ஒதுங்கிச் சந்துக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள். பில்லிங் அறை கிரண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். புத்தம் புதுசு. சீட்டில் உறை இன்னும் பிரிக்கவில்லை. முன்னால் எலுமிச்சம்பழம், காய்ந்து போன மாலை. அவளைப் பார்த்ததும் ஹெல்மெட்டை எடுத்து ஒரு கட்டைப்பைக்குள் திணித்தான்.

"யாரு வண்டி?"

"எங்க மாமாது."

"மாமா வண்டிய நீ எதுக்குத் தொடச்சிகினு கீற?"

"அவருக்கு இடுப்பு வலி."

அவள் கட்டைப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். கிரண் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"வருஷப் பொறப்புக்கு எடுத்தேன். குமணன்சாவடிலேந்து ரெண்டு பஸ் மாறி வந்து சாவறனேன்னு அப்பா வாங்கிக் குடுத்தாரு. ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாத தாயே."

"நீதான் ஏற்கெனவே ட்ரீட்டு போட்டுட்டியே?"

"அது பர்மனன்ட்டுக்கு. இது வண்டிக்கு. அது வேற கணக்கு, இது வேற கணக்கு. இன்னொரு தபா அந்த ஓட்டல் பக்கம் போனா வண்டிய அங்கயே உட்டுட்டு வர வேண்டிதுதான்."

வண்டி வாங்கினவன், அதில் கம்பெனி வாசல் வரைக்கும் ஒரு நாள்கூட வந்து இறங்கவில்லை. சந்தில் ஒளித்துவிட்டு, பஸ்ஸில் வந்தவன் மாதிரி வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்திருக்கிறான். கவிப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

கடை முன்னால் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஜம்புலிங்கத்திடம் போய், "எத்தினி நாளாண்ணே இது?" என்று கேட்டாள்.

"வண்டிய பாத்துக்கச் சொன்னா பாத்துக்குவேன் பாப்பா. வாய பாத்துக்கச் சொன்னா அதையும் பாத்துக்குவேன்." அவர் டம்ளரை ஓங்கித் தூக்கி ஒரு ஆற்று ஆற்றினார். "ஒருத்தரு ரெண்டு பேரா இருந்தா பரவால்ல. உங்க ரூம்ல மத்தவங்க அல்லாரும் இங்கதான் வந்து கொட்டறாங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. ரயில் தாமதம், ஏற்கெனவே நேரமாகிவிட்டது.

மத்தியானம் அவரவர் டப்பாவைத் திறக்கும்போது ஹேமநாதன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மேனேஜரின் மெயில் வந்துவிட்டது.

"அட, கவி பர்மனன்ட் ஆயிட்டியா? நேத்தே சொல்லிருக்காரே. சொல்லவே இல்லையேம்மா." அவர் குரலில் ஒரு வழக்கம் இருந்தது, உற்சாகம் இல்லை. கை தானாகப் போனை எடுத்தது. "அப்ப சனிக்கிழமைக்கு அந்த ஓட்டல்ல சொல்லிடட்டுமா? முன்னாடியே சொன்னாத்தான் எடம் கெடைக்குது."

கவிப்பிரியா டப்பாவை மூடினாள்.

"நான் ட்ரீட் வைக்கல சார்."

"இந்த சனி முடியலன்னா அடுத்த சனி..."

"எந்த சனியும் இல்ல சார்."

கிரண் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அங்கேயே நிறுத்தினான். லாவண்யா அவளைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள்.

"மூணு தடவையும் வந்து சாப்ட்டேன். காலையில பட்டினி கெடந்து வந்து சாப்ட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல." இன்னும் சத்தமாகப் பேசினாள். "அதே மாதிரி நான் வச்சா, எங்கம்மா இன்னும் ரொம்ப நாளைக்குக் கையால துணி தொவைக்கணும். அவங்க கை வெடிச்சிப் போய் கெடக்கு. சோத்தப் பெசைய முடியாம ஸ்பூன்ல சாப்புடறாங்க. ஷேர் ஆட்டோல ஏறாம, நடந்து நடந்து மிஷினுக்குன்னு சேத்து வெச்சிருக்கேன். அத எடுத்து உங்களுக்கு இறால் வாங்கிப் போட மாட்டேன். துன்ட்டு ஏமாத்திட்டான்னு சொல்லுவீங்க. சொல்லிக்கோங்க."

ஹேமநாதன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏம்மா, நீ இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல? நான் வேற நெனச்சிட்டேன். பட்டாபிராம்னு சொன்னியா, மனை போட்டு நெலம் வித்த குடும்பமா இருக்கும், பொழுது போறதுக்கு வேலைக்கு வருதுன்னு..."

"எங்க ஆளுங்களும் நெலத்துலதான் சார் இருந்தாங்க. நாத்து நட்டாங்க, அறுப்பு அறுத்தாங்க. நெலம்தான் அவங்களுது இல்ல."

ஹேமநாதனுக்கு முகம் சிவந்தது. அவர் குடும்பத்துக்கு மேனாம்பேட்டில் நிலம் இருந்தது. அதில் யார் நாற்று நட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கவிப்பிரியா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி இந்த அறையில் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். சரி, சாப்பிடுவோம் என்று நினைத்தாள்.

அப்போது கிரண் கவளத்தை டப்பாவில் போட்டான்.

"சார், நான் வண்டி வாங்கிட்டேன் சார்."

"என்ன வண்டி?"

"பைக்கு. வருஷப் பொறப்புக்கே. ஜம்புலிங்கம் கடை சந்துல நிக்குது. அத வெச்சிகினு நான் படற பாடு இருக்கே, கட்டிக்கினவளோட ஊருக்குத் தெரியாம குடும்பம் நடத்தற மாதிரி கீது சார். ஹாரன்கூட அடிக்க முடியல."

லாவண்யாவுக்குப் புரையேறியது. இருமினாள், சிரித்தாள், மறுபடியும் இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு நாலாவது மாசம்" என்றாள்.

யாருக்கும் உடனே புரியவில்லை.

"குழந்தை. கேஸ் ட்ரபுள்னு உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்ல, அது கேஸ் இல்ல. கல்யாணத்துக்கு வச்ச ட்ரீட்டு கிரெடிட் கார்டுல இப்பத்தான் முடிஞ்சுது. இதையும் சொன்னா உடனே சனிக்கிழமைன்னு ஆரம்பிச்சிடுவீங்க. பொறந்தா அதுக்கு ஒண்ணு, பேரு வச்சா அதுக்கு ஒண்ணு. வயிறு தெரியற வரைக்கும் ஓட்டலாம்னு இருந்தேன்."

"அடிப்பாவி" என்றாள் கவிப்பிரியா. "நேத்துகூட ஸ்டோருக்கு மாடி ஏறிப் போய் ஃபைல் எடுத்துகினு வந்தியே."

"போவலன்னா ஏன்னு கேப்பீங்களே."

ஹேமநாதன் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியைத் தேடுகிறவர் மாதிரி சட்டை நுனியைத் தேடி எடுத்துத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"என் பொண்ணு பிளஸ் டூல ஐநூத்தி எழுபத்தெட்டு எடுத்திருக்கா" என்றார் மெதுவாக.

ரிசல்ட் வந்து வாரக் கணக்காகியிருந்தது. அன்றைக்கு லாவண்யா கேட்டதற்கு, ஏதோ பாஸ் பண்ணிட்டா என்றுதான் சொல்லியிருந்தார். பெற்ற மகளுக்கு அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவர் இப்போது போனைத் திருப்பி மார்க் ஷீட்டின் படத்தைக் காட்டினார். கணக்கில் நூற்றுக்கு நூறு.

"இவ்ளோ மார்க்க வெச்சிகினா சார் சும்மா இருந்தீங்க?" என்றான் கிரண்.

"என்ன பண்றது? மாடி கட்டுன கடனே இன்னும் முடியல, காலேஜ் பீஸ் வேற வருது. இந்த ட்ரீட்ட ஆரம்பிச்சவனே நான். எனக்குச் செலவு வந்தப்ப நிறுத்துனேன்னு வச்சிக்கோ, நீங்க என்ன பேசுவீங்க? போட்ட நீங்கள்லாம் என் சட்டையப் பிடிக்க மாட்டீங்க? எவனாவது நிறுத்த மாட்டானான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஜம்புலிங்கத்துகிட்ட மட்டும் சொன்னேன். சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிடும்போல இருந்துச்சு."

"ஐயோ சார்" என்றாள் லாவண்யா. "நானும் அவருகிட்டதான் சொன்னேன்."

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் அந்த அறைக்குள் யாருக்கும் ஒரு நல்லதும் நடக்காத மாதிரி, நாலு பல்வலிக்காரர்கள் உட்கார்ந்து பில் போட்டிருக்கிறார்கள். கவிப்பிரியாவுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தாள்.

சாயங்காலம் நாலு பேரும் சேர்ந்து ஜம்புலிங்கத்தின் கடைக்குப் போனார்கள். கிரண் சந்துக்குள் போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, நடு ரோட்டில் நிறுத்தி, நீளமாக ஒரு ஹாரன் அடித்தான். ஜம்புலிங்கம் பயந்து அவனை முறைத்தார்.

"பரவால்லண்ணே, அல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு" என்றான்.

"பொண்ணு மார்க்கு?"

"தெரிஞ்சிடுச்சு" என்றார் ஹேமநாதன்.

ஜம்புலிங்கம் லாவண்யாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அப்பாடா. எதை யாருகிட்ட சொல்லக்கூடாதுன்னு ஞாபகம் வெச்சிகினு டீ போட்டுப் பாருங்க, தெரியும். ரெண்டு தபா சக்கரையே போட மறந்துட்டேன்."

இனி ஓட்டல் கிடையாது என்று அங்கேயே முடிவானது. யாருக்கு நல்லது நடக்கிறதோ அவர்கள் காசு கொடுக்கக் கூடாது, மற்றவர்கள் அவர்களுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் என்று ஹேமநாதன் சொன்னார். வழக்கத்தை ஆரம்பித்த வாயே அதை முடித்தது.

"நல்லா கீது உங்க சட்டம்" என்றார் ஜம்புலிங்கம். "இன்னிக்கி நாலு பேருக்கும் நல்லது நடந்திருக்கு. அப்ப எனக்கு யாரு காசு தர்றது?"

அவங்கவங்க டீக்கு அவங்கவங்க காசு என்று கவிப்பிரியா சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. கவிப்பிரியா ஒரு பன்னும் வாங்கி, டீயில் முக்கிச் சாப்பிட்டாள். எந்தக் கொடியையும் பார்க்காமல், நிதானமாக.

சனிக்கிழமை அவள் அண்ணா நகருக்குப் போகவில்லை, ஆவடிக்குப் போனாள். கடையில் ஒரு பக்கம் நசுங்கியிருந்த மிஷினைக் காட்டி, நசுங்கினதற்கு விலை குறைக்கச் சொல்லி, கடைக்காரன் களைத்துப் போகிற வரைக்கும் பேசி வாங்கினாள். வீட்டில் வைத்தபோது நசுங்கின பக்கம் சுவர்ப் பக்கம் போய்விட்டது.

பூங்காவனம் அதற்குக் குங்குமம் வைத்தாள். துணியைப் போட்டு, தண்ணீர் விட்டு, கவிப்பிரியா குமிழைத் திருகினாள். மிஷின் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. பூங்காவனம் அதன் பக்கத்திலேயே நின்றாள். மூடியைத் தொட்டாள், எடுத்தாள். மறுபடியும் தொட்டாள்.

"உங்க சாருக்கு நெஜமாவே கோவம் இல்லியா?"

"இல்லமா."

"அந்தப் பொண்ணுக்கு நாலு மாசம்ன்றியே. புளிப்பா எதனா செஞ்சி எடுத்துகினு போ."

"எடுத்துகினு போறேன். நீ ஏன் நின்னுகினு கீற?"

"அது வேல செஞ்சிகினு கீது. நான் இன்னாடி பண்றது?"

"ஒக்காரு."

பூங்காவனம் மிஷினைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். களிம்பு தடவின இரண்டு கையையும் மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு, உட்கார்ந்தாள்.